பழைய மணிகளை மறுபடி கோர்க்கும் முன்: ஸ்படிகம், பவளம், முத்து, பச்சைக்கல்

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். அம்மாவின் பெட்டியிலிருந்து 108 மணி ஸ்படிக மாலை ஒன்று, இரண்டு வரிசைப் பவளம், நூல் இற்றுப்போன முத்துச் சரம், ஒரு கை நிறையப் பச்சை மணிகள் கிடைத்திருக்கின்றன. எது அசல்? எப்படிக் கழுவுவது? எதில் கோர்ப்பது? ஸ்படிகம் உடல் சூட்டைத் தணிக்கும் என்பது உண்மையா?

எல்லாவற்றுக்கும் முன்னால் மணியின் துளையைப் பாருங்கள். மேற்புறத்தில் மெருகு இருக்கும், சாயம் இருக்கும், பூச்சு இருக்கும். அது எதை வேண்டுமானாலும் சொல்லும். துளைக்குள் மெனக்கெடுகிறவர்கள் குறைவு. 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் கைப்பேசி விளக்கும் போதும். பழைய நூலை வெட்டும் முன் மாலையை நேராகக் கிடத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவளமும் முத்தும் பெரும்பாலும் நடுவில் பெரியது, ஓரத்தில் சிறியது என்று ஏற்ற இறக்கமாகக் கோர்க்கப்பட்டிருக்கும். வரிசை கலைந்துவிட்டால் மறுபடி அடுக்க அரை நாள் போகும்.

துளையில் என்ன தெரியும்

கல் மணியை ஒரே பக்கமாகத் துளைத்தால் ஊசி வெளியேறும் இடத்தில் சில்லு தெறிக்கும். அதனால் இரண்டு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். குஜராத்தின் கம்பாத்தில் சூதுபவளத்தை (இது பவளமல்ல, கார்னீலியன் என்ற செந்நிறக் கல்) துளைக்கும் மரபான முறை, நுனியில் இரண்டு வைரத் துணுக்கு பதித்த ஊசியை வில்லால் சுழற்றுவது. அங்கேயும் வழி அதேதான்: பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். இரண்டும் நடுவில் ஒரு முடியளவு விலகிச் சந்தித்தால் உள்ளே ஒரு படி உண்டாகிவிடும். நூலை அறுப்பது பெரும்பாலும் அந்தப் படியும் துளை வாயின் கூரான விளிம்பும்தான். "நல்ல நூல்தான் போட்டோம், ஆறே மாதத்தில் அறுந்துவிட்டது" என்பவர்கள் நூலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், துளையைப் பார்க்கவே மாட்டார்கள்.

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் நிறமற்ற வகை. அதன் துளைச் சுவர் உறைபனி போல வெளுத்து, சொரசொரப்பாக இருக்கும். வாயில் சிப்பி வடிவச் சில்லுகள் தெரியும். அச்சில் வார்த்த கண்ணாடி மணியில் துளை வாய் மழுங்கி உருண்டிருக்கும், சில சமயம் மணியைச் சுற்றி மெல்லிய அச்சு வரியும் ஓடும். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழி ஒன்று கண்ணில் பட்டாலே கண்ணாடி என்று முடிவு செய்யலாம். குவார்ட்ஸுக்குள் இருப்பவை மேகம் போன்ற திட்டு, இறகு போன்ற விரிசல், ஊசி போன்ற கனிமம்.

பவளத்தில் நிறம் துளைக்குள்ளும் ஒரே சீராகப் போக வேண்டும். சாயம் போட்டதானால் துளை வாயிலும் விரிசலிலும் சிவப்பு தேங்கி நிற்கும், உள்ளே போகப் போக வெளிறும். இன்று பவளம் என்று விற்கப்படும் மலிவான மணிகளில் பெரும்பங்கு சாயமேற்றிய மூங்கில் பவளம் (மூங்கில் போலக் கணுக்கள் உள்ள, வெளிறிய பவள இனம்). துளைக்குள் வெள்ளை தெரிந்தால் உடனே போலி என்று தூக்கிப் போடவும் வேண்டாம். மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம் உள்ளே வரை ஒரே நிறம். ஜப்பான் கடலின் ஆழ்சிவப்பு வகைக்கு நடுத்தண்டிலேயே வெள்ளை உண்டு. வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவே எல்லை இயல்பாக இருக்கிறதா, அல்லது நிறம் விரிசல் வழியே ஊறி இறங்கியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மதுரையின் ரத்தினக் கடைத்தெருவைச் சொல்லும் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை, உட்துளை, கல்லிடை முடங்கல், திருகல் மூன்றும் இல்லாத பவளத்தையே நல்லது என்கிறது. அந்த உட்துளை இன்றும் தொல்லைதான். புழு குடைந்த குழிகளை மெழுகாலோ பிசினாலோ அடைத்து மெருகேற்றி விற்கிறார்கள். வெந்நீர் பட்டால் அடைப்பு வெளியே வந்துவிடும்.

முத்துச் சரத்தில் துளை வாயோரம் பூச்சு தோல் உரிவது போல உரிந்து, அடியில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ தெரிந்தால் செயற்கை. உள்ளே ஒரு உருண்டைக் கருவும், அதைச் சுற்றி வேறொரு படலமும், நடுவே மெல்லிய கோடும் தெரிந்தால் கரு வைத்து வளர்த்த முத்து. நன்னீரில் வளர்த்தவற்றில் பெரும்பாலும் கரு இருக்காது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்குப் பின் வாங்கிய சரமானால் வளர்ப்பு முத்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இயற்கை முத்துதான் என்று உறுதிசெய்ய எக்ஸ்ரே வேண்டும், லூப் போதாது.

பச்சை மணிகளைப் பற்றி அதிகம் ஆசைப்பட வேண்டாம். பச்சை ஓனிக்ஸ் என்று கடைகளில் சொல்வது சாயமேற்றிய கால்சிடோனி என்ற குவார்ட்ஸ் வகை. உள்ளே சின்னச் சின்ன மின்னும் தகடுகள் சிதறிக் கிடந்தால் அவென்சுரின், அதுவும் குவார்ட்ஸ் வகைதான். விரிசல் வலை வலையாகவும் பச்சை அந்த வலையில் மட்டுமாகவும் இருந்தால், சூடாக்கி வெடிக்க வைத்துச் சாயம் ஊட்டிய குவார்ட்ஸ். மரகத மணியாக இருந்தால் உள்ளே பாசி படர்ந்த மாதிரி குறைகள் நிறைய இருக்கும். அந்த விரிசல்களை எண்ணெய் ஊட்டி மறைப்பது ஜெய்ப்பூரிலும் பிற இடங்களிலும் வழக்கம், சில நேரம் எண்ணெயிலேயே பச்சை நிறம் கலந்திருக்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் மணியை இறுக்கிச் சுற்றி ஒரு நாள் வைத்தால், நிறமுள்ள எண்ணெய் துணியில் லேசாக இறங்குவதுண்டு.

செய்யக் கூடாத சோதனைகள்

பவளத்தைப் பாலில் போட்டால் பால் சிவக்கும், அப்படியானால் அசல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிலைமை நேர் எதிர். பவளத்தின் நிறம் அதன் உடம்போடு வளர்ந்தது, பாலில் கரையாது. பால் சிவந்தால் கரைந்தது சாயம். எலுமிச்சைச் சாறு விட்டு நுரைக்கிறதா பார்ப்பதும் வீண். பவளமும் முத்தும் கால்சியம் கார்பனேட், நுரைக்கத்தான் செய்யும். சாயம் போட்ட சங்கும் சுண்ணாம்புக் கல்லும் அதே போல நுரைக்கும். சோதனையில் மிஞ்சுவது மெருகு போன ஒரு மணிதான். முத்தைப் பல்லில் உரசினால் நறநறக்கும் என்பது உண்மை. இரண்டு முத்துகளை ஒன்றோடொன்று லேசாக உரசினாலும் அதே நறநறப்பு விரலுக்குத் தெரியும், வாயில் வைக்கத் தேவையில்லை. காய்ச்சிய ஊசியை எந்த மணியிலும் வைக்காதீர்கள்.

சாயத்துக்கு ஓரளவு நம்பகமான வழி: நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, ஒரே ஒரு மணியின் துளை வாயில் மட்டும் உருட்டுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் சாயம். ஏறாவிட்டால் சாயமே இல்லை என்று பொருளல்ல, மேலே பிசின் மூடியிருக்கலாம். முத்தில் இதைச் செய்யாதீர்கள்.

ஸ்படிகத்துக்கு எடை சோதனை நன்றாக வேலை செய்யும், ஆனால் மணிகளில் வெள்ளி மூடியோ கம்பியோ இருக்கக் கூடாது. மணிகளை நூலிலிருந்து எடுத்து மெல்லிய தூண்டில் நரம்பில் தற்காலிகமாகக் கோர்த்து, 0.01 கிராம் காட்டும் தராசில் உலர்ந்த எடையைப் பாருங்கள். 108 மணியும் 8 மி.மீ. என்றால் சுமார் 75 கிராம் வரும். பிறகு தண்ணீர் உள்ள டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, மாலையை அடியிலும் பக்கத்திலும் தொடாமல் முழுக்க முங்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் எண்தான் மணிகளின் கன அளவு. உலர்ந்த எடையை அதால் வகுங்கள். குவார்ட்ஸுக்கு 2.65 வர வேண்டும்: 75 கிராமுக்குத் தராசு 28.3 காட்டும். சாதாரணக் கண்ணாடி 2.5 ஆதலால் 30 காட்டும். வகுத்து வரும் எண் ஈயக் கண்ணாடிக்கு 3ஐத் தாண்டிவிடும், பிளாஸ்டிக்குக்கு 1.2ஐ ஒட்டி நிற்கும். குவார்ட்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி குறைவு என்பதால் துளைக்குள் ஒட்டும் காற்றுக் குமிழி கணக்கைக் கெடுக்கும். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் துலக்கும் திரவம் விட்டு, மாலையை இரண்டு உலுக்கு உலுக்குங்கள். முத்திலும் பவளத்திலும் இந்த முங்கல் வேண்டாம்.

சூடு தணியுமா, நிறம் மாறுமா

ஸ்படிகம் தொட்டதும் குளிர்வது கற்பனை இல்லை. கண்ணாடியை விடப் பல மடங்கு வேகமாக அது வெப்பத்தைக் கடத்தும், அதனால் தோலின் சூட்டைச் சட்டென்று உறிஞ்சும். எவ்வளவு உறிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 75 கிராம் குவார்ட்ஸை அறையின் 28 டிகிரியிலிருந்து தோலின் 34 டிகிரிக்கு ஏற்ற சுமார் 340 ஜூல் போதும். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் நொடிக்கு 80 ஜூலுக்குக் குறையாமல் வெப்பம் வெளியிடுகிறது. ஆக, உடல் நான்கைந்து நொடிகளில் வெளியிடும் சூட்டைத்தான் அந்த மாலை வாங்கிக்கொள்ளும். கழுத்தில் அது ஜில்லென்று விழும் சுகம் நிஜம். நாள் முழுக்கச் சூடு தணிக்கும் என்பது நடக்காது. ஜபத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையும் இல்லை.

பவளம் வெளுத்தால் அணிந்தவருக்கு உடம்புக்கு வரப்போகிறது என்பார்கள். தாலிக்கொடியில் பவளம் கோர்க்கும் வீடுகளில் இந்தப் பேச்சு அதிகம். காரணம் தோலோடு ஒட்டிக் கிடப்பதுதான். வியர்வை லேசான அமிலம். அதோடு மஞ்சள், சோப்பு, வெந்நீர் எல்லாம் தினமும் படுகின்றன. மேற்பரப்பு நுண்ணியதாக அரிக்கப்பட்டு ஒளி சிதறுகிறது, அதனால் வெளிறித் தெரிகிறது. காய்ச்சலில் வியர்வை கூடும்போது கவனிக்கிறவர்கள் கண்ணுக்கு அது அறிகுறியாகத் தோன்றியிருக்கலாம். எண்ணெய் தடவினால் பளபளப்பு திரும்பியது போல இருக்கும், ஆனால் அரிப்பு அப்படியேதான் இருக்கும். தேங்காயெண்ணெய் சிக்கு வாடை பிடித்துத் தூசியையும் சேர்க்கும். உண்மையான தீர்வு பவள வேலை தெரிந்தவரிடம் மறு மெருகு.

சுவாதி நட்சத்திர மழைத்துளி சிப்பியில் விழுந்து முத்தாகிறது என்ற கதையை விட்டுவிடுவோம். முத்தைப் போடாமல் பூட்டி வைத்தால் மங்கும் என்பதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. முத்தின் அடுக்குகளுக்கு இடையே கொஞ்சம் நீர் உண்டு. காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வருடக் கணக்கில் லாக்கரில் கிடந்தால் அது வறண்டு, மயிரிழை வெடிப்பு விடும். பருத்தித் துணிப் பை போதும்.

நவீன வழக்கமாகக் கற்களை உப்பு நீரில் ஊறவைத்து வெயிலில் "சக்தியேற்றும்" பழக்கம் பரவியிருக்கிறது. செய்யாதீர்கள். உப்பு, நுண்துளைகள் நிறைந்த டர்க்கைஸ் கல்லில் புகுந்து படியும், உலோகக் கொக்கியை அரிக்கும். வெயிலில் அமெதிஸ்டும் ரோஸ் குவார்ட்ஸும் நிறம் இழக்கும். பூஜை அலமாரியில் ஜன்னலோரம் பெரிய ஸ்படிக உருண்டை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: அது லென்ஸ் வேலை செய்து துணியைக் கருக்கிவிடும்.

கோர்ப்பு

ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியர்கள் பெரில் கற்களை (மரகதம் இந்தக் கனிமத்தின் பச்சை வகை) துளைத்து யானை மயிரில் கோர்ப்பதாகக் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்திருக்கிறார். பெரில் மணிப் பட்டறைகள் இருந்த கொடுமணலும், அந்தக் கல் கிடைத்த படியூரும் காங்கேயம் வட்டாரத்தில்தான். யானை மயிர் விறைப்பானது, ஊசி இல்லாமலே துளைக்குள் நுழையும். நமக்கு இன்று பட்டு, நைலான், உலோகக் கம்பி என்று மூன்று வழிகள்.

முத்துக்குப் பட்டுதான். துளை 0.8 மி.மீ. என்றால் நூல் 0.6 மி.மீ., 0.6 துளைக்கு 0.45. நூல் துளையை ஏறக்குறைய நிறைக்க வேண்டும். தளர்ந்த நூலில் முத்து ஆடும், ஆட ஆட துளை வாய் தேய்ந்து அகலும். புதுப் பட்டு நீளும். ஆகவே முதல் நாள் இரவே வெட்டி, நுனியில் 100 கிராம் ஏதாவது கட்டித் தொங்க விடுங்கள். நூல் நீளம் முடிந்த மாலையின் இரண்டரை மடங்கு. இரட்டை நூலானால் ஐந்து மடங்கு. ஒவ்வொரு முத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சு. ஊசியை முடிச்சுக்குள் விட்டு, முத்தை ஒட்டித் தள்ளிக்கொண்டே இறுக்கினால் இடைவெளி விழாது. முடிச்சு துளைக்குள் நழுவுகிறதா என்று முதல் மூன்று மணியிலேயே பாருங்கள். நழுவினால் நூல் மெலிசு, கடைசி வரை நழுவும், அவிழ்த்துத் தடித்த நூலில் தொடங்குங்கள். முடிச்சுகள் நீளத்தைக் கூட்டும்: 8 மி.மீ. மணி 50 கோர்த்தால் 40 செ.மீ., முடிச்சோடு 44ஐ நெருங்கும்.

கொக்கியோடு உரசும் இரண்டு நுனிகளில்தான் பட்டு முதலில் அறும். அங்கே மெல்லிய சுருள் கம்பிக் குழலைப் போட்டு நூலை மறைத்து வளையுங்கள். மிச்ச நூலைக் கடைசி மூன்று முத்துகள் வழியே திருப்பி விட்டு, நடுநடுவே முடிச்சிட்டு வெட்டுங்கள். அதனால் அந்த ஆறு முத்துகளின் துளையை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். வைரப்பொடி பூசிய கை அரத்தால், தண்ணீருக்கு அடியில், இரண்டு பக்கமிருந்தும் பாதிப் பாதியாக. உலர்ந்த நிலையில் அராவினால் சூடேறி வெடிக்கும், குவார்ட்ஸானால் அந்தத் தூசி நுரையீரலுக்கும் கேடு. முடிச்சில் சூப்பர் குளூ வைக்காதீர்கள். பட்டு குச்சி போல விறைத்து அந்த இடத்திலேயே முறியும்.

ஸ்படிகத்துக்குப் பட்டு தாங்காது, துளை வாய் அறுத்துவிடும். முதலில் அதே கை அரத்தால் விளிம்புகளை மழுக்குங்கள். பிறகு 0.6 முதல் 0.8 மி.மீ. பின்னல் நைலானில் முடிச்சிட்டுக் கோர்க்கலாம். ஜப மாலைக்கு மேரு மணியின் (மாலையின் தொடக்கத்தைக் காட்டும் தலைமணி) அருகே கொஞ்சம் தளர்வு விடுங்கள்; விறைப்பாகக் கோர்த்தால் மணி விரலில் உருளாது. ரப்பர் நூல் வேண்டாம், நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் இற்றுவிடும். ஒவ்வொரு மணியையும் வெள்ளிக் கம்பியால் கண்ணி கட்டி இணைத்த மாலையில் நூல் தொல்லை இல்லை, ஆனால் கண்ணிகள் ஒன்றையொன்று தேய்க்கும். வருடம் ஒரு முறை வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்படிகத்துக்கு நடுவே தங்கக் குண்டு கோர்க்கச் சொல்வார்கள். பார்க்க அழகுதான். ஆனால் 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7, தங்கம் 3ஐத் தாண்டாது. தினமும் போட்டால் குண்டுகளின் வாய் தேய்ந்து தங்கம் எடை குறையும். எப்போதாவது போடும் மாலைக்குச் சரி. இதே காரணத்தால் பவளத்தையும் முத்தையும் (இரண்டும் 4ஐச் சுற்றி) கார்னெட், ஸ்படிகம் இவற்றோடு முடிச்சில்லாமல் கலந்து கோர்க்கக் கூடாது. வீட்டுத் தூசியிலேயே குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் முத்தில் கீறல் விழும்.

கழுவுதல்

ஸ்படிகத்தையும் சாயமில்லாத கல் மணிகளையும் கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு துளி குழந்தை ஷாம்பூ விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். துளைக்குள் அடைந்த சந்தனமும் விபூதியும் பல் இடுக்கு பிரஷ்ஷில் வந்துவிடும், நூலை எடுத்த பிறகு செய்தால் இன்னும் சுலபம். மரகதத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் துடைப்பதோடு நிறுத்துங்கள். நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டால் எண்ணெய் வெளியேறி, அதுவரை தெரியாத விரிசலெல்லாம் தெரியும்.

முத்தையும் பவளத்தையும் நூலோடு முக்காதீர்கள். ஈரப் பட்டு நீளும், அழுக்கைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். ஈரத் துணியால் ஒவ்வொரு மணியாகத் துடைத்து, துண்டின் மேல் கிடையாக ஒரு நாள் உலர விடுங்கள், தொங்க விட வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர், பல்பொடி எதுவும் அருகில் வரக் கூடாது. பூந்திக்கொட்டைத் தண்ணீரும் லேசான அமிலம்தான். தங்கத்துக்கு நல்லது, முத்தை அதில் ஊறவைக்காதீர்கள். சென்ட், தலைமுடி ஸ்ப்ரே, பவுடர் எல்லாம் முடித்த பிறகே முத்தைப் போடுங்கள், வீடு திரும்பியதும் முதலில் அதைக் கழற்றுங்கள். அடிக்கடி போடும் சரமானால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை நூல் மாற்றுவது நல்லது. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே நூல் தெரிய ஆரம்பித்தாலோ கறுத்தாலோ அதற்கு முன்பே மாற்றுங்கள்.

முத்தையும் பவளத்தையும் வெளியே கோர்க்கக் கொடுப்பதானால், நூலை நீங்களே எடுத்து மணிகளை எண்ணி, நூலில்லாமல் நிறுத்து, எண்ணிக்கையையும் கிராம் எடையையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். வரிசை மாறாமலிருக்க, கொடுக்கும் முன் மணிகளை அதே ஒழுங்கில் தூண்டில் நரம்பில் ஏற்றி இரு முனையிலும் முடிச்சிடுங்கள். கோர்ப்பவரிடம் "நடுவில் முடிச்சு, நுனிக் கொக்கியில் சுருள் கம்பி, பசை வேண்டாம்" என்று மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் முடிச்சில்லாமல் நைலானில் ஓட்டித் தந்துவிடுவார்கள்.